'ஹைபிரிட்' தைல மரத்துக்கு அந்தப் பேர் வந்த கதை

எங்க கே.ஜி.கண்டிகை பக்கம் ஒரே மரத்துக்கு நாலு பேர் ஓடுது. தமிழ் பேசுறவங்க தைல மரம்னு சொல்றாங்க. தெலுங்கு பேசுறவங்க ஜாமாயில்ங்கிறாங்க, சிலர் நீலகிரின்னே சொல்லிடுவாங்க. படிக்கிற பசங்க யூகலிப்டஸ்ங்கிறாங்க. நர்சரியில நாத்து வாங்கப் போனா "ஹைபிரிட் இருக்கு, எத்தனை வேணும்?"னு கேக்கறாங்க. புதுக்கோட்டை பக்கம் போனா இதையே ஆர்.எஸ்.பதி மரம்னு சொல்வாங்க. அது நீலகிரி தைலம் வித்த ஒரு கம்பெனியோட பேர். சீசாவுல இருந்த பேர் மரத்துக்கு ஏறிடுச்சு.

இந்தப் பேர் எல்லாத்துக்கும் பின்னாடி ஒரு நியாயம் இருக்கு. ஆனா நம்மகிட்ட காசு வாங்கி வித்த பேர் 'ஹைபிரிட்'. அந்த ஒரு பேர்தான் பெரும்பாலும் உண்மை இல்லை. நாப்பது அம்பது வருஷம் தென்னிந்தியா முழுக்க மானாவாரி நிலத்துல நட்ட மரத்துக்கு, அது எந்த இனம்னு சரியாப் பார்க்காமலே அந்தப் பேர் ஒட்டிக்கிச்சு. அதனால விவசாயிக்கு என்ன நஷ்டம்னு புரியணும்னா, இந்த மரங்களுக்கு முதல்ல யார் பேர் வச்சாங்க, எப்படிப் பிரிச்சாங்கன்னு கொஞ்சம் பின்னாடி போகணும்.

மூடி போட்ட மொட்டு

தைல மரம் பூக்கிற காலத்துல மரத்தடியில நின்னு பாருங்க. சின்னச் சின்ன தொப்பி மாதிரி, கூம்பு மாதிரி உதிர்ந்து கிடக்கும். அது மொட்டோட மூடி. மத்த பூவுல இதழ் விரியும். இதுல இதழெல்லாம் ஒண்ணா ஒட்டி மூடியா ஆயிடும். பூ விரியும்போது அந்த மூடி கழண்டு விழும், உள்ளே இருந்து வெள்ளை நூல் மாதிரி மகரந்தத் தாள் குஞ்சமா வெளிய வரும். நாம பூன்னு பார்க்கிறது அந்தக் குஞ்சத்தைத்தான்.

யூகலிப்டஸ்ங்கிற பேரே இந்த மூடியை வச்சுத்தான். கிரேக்க மொழியில 'யூ'ன்னா நல்லா, 'கலிப்டோஸ்'னா மூடினது. நல்லா மூடி வச்சதுன்னு அர்த்தம்.

பேர் வச்சவர் ஆஸ்திரேலியாவைப் பார்த்ததே இல்லை. கேப்டன் குக் மூணாவது தடவை கப்பல்ல கிளம்பினப்போ, லண்டன் கியூ தோட்டத்துல இருந்து டேவிட் நெல்சன்னு ஒரு தோட்டக்காரர் கூடப் போனார். 1777 ஜனவரியில டாஸ்மேனியா பக்கத்துல புரூனி தீவுல அட்வெஞ்சர் வளைகுடாவுல இறங்கி, ஒரு மரத்தோட கிளையை ஒடிச்சு, காய வச்சு லண்டனுக்குக் கொண்டு வந்தார். பத்து வருஷம் அது அங்கேயே கிடந்தது. பாரிஸ்ல இருந்து வந்த லெரிட்டியேங்கிற பிரெஞ்சுக்காரர் அந்தக் காஞ்ச கிளையைப் பார்த்து, மொட்டுல இருந்த மூடியைக் கவனிச்சு, யூகலிப்டஸ் ஒப்ளிக்வான்னு பேர் வச்சார். அவர் புத்தகத்துல போட்டிருக்கிற வருஷம் 1788. இலையோட அடிப்பாகம் ஒரு பக்கம் ஏறி ஒரு பக்கம் இறங்கிக் கோணலா இருக்கும், அதுதான் ஒப்ளிக்வா. கிளையை ஒடிச்ச நெல்சன் 1789-ல திமோர் தீவுல காய்ச்சல்ல செத்துப் போனார்.

குக் முதல் தடவை 1770-ல போனப்பவே பேங்க்ஸ், சொலாண்டர்னு ரெண்டு பேர் இந்த மரத்தையெல்லாம் பார்த்து சாம்பிள் எடுத்திருக்காங்க. ஆனா அவங்க இந்தப் பேரினத்துக்குப் பேரை அச்சில போடல. தாவரங்களுக்குப் பேர் வைக்கிறதுல முதல் சட்டமே அதுதான். யார் முதல்ல பார்த்தாங்கங்கிறது கணக்கில்லை, யார் முதல்ல விவரத்தோட அச்சடிச்சு வெளியிட்டாங்களோ அந்தப் பேர்தான் நிக்கும். நம்ம ஊர்ல பட்டா யார் பேர்ல இருக்குன்னு பார்க்கிற மாதிரி. அனுபவம் யாருதுன்னாலும் பதிவுதான் செல்லும்.

பட்டையா, பூவா?

அதுக்கப்புறம் புதுசு புதுசா மரம் கண்டுபிடிச்சுக்கிட்டே இருந்தாங்க. பேரும் பெருகிச்சு. இன்னைக்கு யூகலிப்டஸ்ல மட்டும் 700-க்கு மேல இனம் இருக்கு. இத்தனையையும் எப்படிப் பிரிக்கிறதுங்கிறதுல நூத்தம்பது வருஷமா சண்டை.

ஆஸ்திரேலியாவுல குடியேறின மரவெட்டிகளும் விவசாயிகளும் பட்டையை வச்சுப் பிரிச்சாங்க. வழவழன்னு உரியுறது 'கம்', நார் நாரா இருக்கிறது 'ஸ்ட்ரிங்கிபார்க்', கரடுமுரடா கருப்பா இறுகிக் கிடக்கிறது 'அயர்ன்பார்க்'. நாம வேம்பையும் வெள்வேலையும் பட்டையைப் பார்த்தே சொல்ற மாதிரிதான் இது.

மெல்போர்ன்ல ஃபெர்டினாண்ட் ஃபான் முல்லர்னு ஒரு ஜெர்மன்காரர் இருந்தார். 1853-ல விக்டோரியா அரசோட தாவரவியல் அறிஞர் ஆனவர். காடு காடா குதிரையில சுத்தினவர். அவரும் முதல்ல பட்டையை வச்சுத்தான் வகை பிரிச்சார். லண்டன்ல ஜார்ஜ் பெந்தம்னு இன்னொருத்தர். அவர் ஆஸ்திரேலியத் தாவரங்கள் அத்தனைக்கும் ஏழு பாகத்துல புத்தகம் எழுதினார், 1863-ல ஆரம்பிச்சு 1878-ல முடிஞ்சது. அவரும் அந்த நாட்டை மிதிச்சதே கிடையாது. அவர் மேஜைக்கு வந்ததெல்லாம் காஞ்ச கிளை, இலை, பூ. காகிதத்துல ஒட்டின கிளையில அடிமரப் பட்டை எங்கே இருக்கும்? அதனால பட்டையை விட்டுட்டு, பூவுக்குள்ள இருக்கிற மகரந்தப்பையோட வடிவத்தை வச்சுப் பிரிச்சார். ஊசிமுனை அளவு சமாச்சாரம், லென்ஸ் வச்சுத்தான் பார்க்கணும்.

எனக்கு இந்தச் சண்டை ரொம்பப் புடிக்கும். காட்டுல நிக்கிறவனுக்கு மரம் முழுசாத் தெரியுது, ஆனா ரெண்டு வேற மரத்துக்கு ஒரே மாதிரி பட்டை இருந்தா ஏமாந்து போறான். மேஜையில உக்கார்ந்தவனுக்கு மகரந்தப்பை தெரியுது, மரம் தெரியல. முல்லரும் அப்புறம் மகரந்தப்பைக்கு மதிப்புக் கொடுத்து 1879-ல இருந்து 1884 வரைக்கும் நூறு இனத்துக்குப் படம் போட்டு 'யூகலிப்டோகிராஃபியா'ன்னு வெளியிட்டார். அப்புறம் சிட்னியில ஜோசப் மெய்டன் 1903-ல ஒரு பெரிய திருத்தம் எழுத ஆரம்பிச்சார். 1925-ல அவர் செத்த பிறகும் அந்த வேலை நடந்து 1933-லதான் கடைசிப் பகுதி வந்துச்சு. அடுத்த வருஷம் பிளேக்லி அதையெல்லாம் சுருக்கி, இனம் கண்டுபிடிக்க ஒரு கையேடு போட்டார். 1971-ல பிரையரும் ஜான்சனும் சேர்ந்து, எது எதோட இனம் சேரும், எது சேராதுங்கிறதையும் கணக்கில எடுத்துப் புதுசா அடுக்கினாங்க. இதுல லிண்ட்சே பிரையர்ங்கிற பேரை ஞாபகம் வச்சுக்குங்க, அவர் நம்ம கதையில வருவார்.

இன்னும் முடியல. 1995-ல ஹில், ஜான்சன்னு ரெண்டு பேர், 113 இனத்தைத் தனியாப் பிரிச்சு கொரிம்பியான்னு புதுப் பேரினம் ஆக்கிட்டாங்க. எலுமிச்சை வாசனை அடிக்கிற தைல மரம் பார்த்திருப்பீங்க, இலையைக் கசக்கினா சோப்பு மாதிரி மணக்கும். அது யூகலிப்டஸ் சிட்ரியோடோராவா இருந்து கொரிம்பியா சிட்ரியோடோரா ஆச்சு. 2000-ல புரூக்கர்ங்கிறவர் அதெல்லாம் வேணாம், எல்லாம் ஒரே குடும்பமா யூகலிப்டஸ்லயே இருக்கட்டும்னு எழுதினார். மரம் அதே மரம்தான், அதே வாசனைதான். ரேஷன் கார்டு பிரிச்ச மாதிரி ஆயிடுச்சு.

மடத்துப் பேர் வாங்கின ஆத்தோர மரம்

பேர் எப்படியெல்லாம் தடம் மாறும்ங்கிறதுக்கு ஒரு மரம் போதும். ஆஸ்திரேலியாவுல ஆத்தங்கரை எங்கேயும் நிக்கிற சிவப்புக் கட்டை மரம், அந்த நாட்டுக்காரங்களுக்கு நம்ம ஆலமரம் மாதிரி. அதோட விஞ்ஞானப் பேர் கமால்டுலென்சிஸ். இது இத்தாலியில நேப்பிள்ஸ் பக்கத்துல இருக்கிற கமால்டோலிங்கிற இடத்தோட பேர், அங்கே ஒரு துறவி மடம். அங்க ஒரு பிரபுவோட தோட்டத்துல யாரோ கொண்டு வந்து நட்ட மரத்தைப் பார்த்து, தோட்டத் தலைவரா இருந்த டென்ஹார்ட் 1832-ல விவரம் எழுதி அந்தப் பேரை வச்சுட்டார்.

அது தெரியாம 1847-ல இன்னொருத்தர் அதே மரத்துக்கு ரோஸ்ட்ரேட்டான்னு பேர் வச்சார். மொட்டு மூடி பறவை மூக்கு மாதிரி நீட்டிக்கிட்டு இருக்கும், பொருத்தமான பேர். நெடுங்காலம் அந்தப் பேர்தான் ஓடிச்சு. பின்னாடி பார்த்தா 1797-லயே வேற ஒரு யூகலிப்டசுக்கு ரோஸ்ட்ரேட்டான்னு பேர் வச்சிருக்காங்க. ஒரே பேரை ரெண்டு மரத்துக்கு வைக்க முடியாது. அதனால பொருத்தமான பேர் போச்சு, எங்கேயோ இருக்கிற மடத்துப் பேர் நின்னுடுச்சு. இந்தக் கமால்டுலென்சிஸ் இன்னைக்குத் தமிழ்நாட்டுச் சமவெளியில நிறைய இருக்கிற மரம்.

நம்ம கதைக்கு வேண்டிய இன்னொரு மரம் டெரெட்டிகார்னிஸ். உருண்ட கொம்புன்னு அர்த்தம். இதுவும் மொட்டு மூடியை வச்சு வந்த பேர்தான், மூடி நீளமாக் கொம்பு மாதிரி இருக்கும். 1795-ல இங்கிலாந்துல ஜேம்ஸ் எட்வர்ட் ஸ்மித் வச்சார். நடுவுல கொஞ்ச காலம் அம்பெல்லாட்டான்னும் பழைய புத்தகங்கள்ல எழுதினாங்க. ரெண்டு பேரும் ஒரே மரம்.

நீலகிரியும் நந்தி மலையும்

இந்த மரம் தென்னிந்தியாவுக்கு ரெண்டு வழியில வந்துச்சு. அந்த ரெண்டு வழியையும் குழப்பிக்கிட்டதுலதான் பாதிப் பிரச்சினை.

ஒண்ணு நீலகிரி. 1843-ல மெட்ராஸ் இன்ஜினியர்ஸ் படையைச் சேர்ந்த கேப்டன் காட்டன்கிறவர் ஊட்டிப் பக்கம் கொண்டு வந்தார். 1856-ல இருந்து ஒழுங்காத் தோட்டம் போட்டாங்க. காரணம் விறகு. குளிருக்கு எரிக்கச் சோலை மரத்தை வெட்டித் தீர்த்துக்கிட்டு இருந்தாங்க, சீக்கிரம் வளர்ற மரம் தேவைப்பட்டுச்சு. அந்த மரம் யூகலிப்டஸ் குளோபுலஸ். டாஸ்மேனியாவுல பார்த்து லாபில்லார்டியேர்ங்கிற பிரெஞ்சுக்காரர் 1800-ல வச்ச பேர். காய் அந்தக் காலத்துச் சட்டைப் பொத்தான் மாதிரி இருந்ததால அப்படி. நம்ம வீட்டுல சளிக்குத் தடவுற நீலகிரி தைலம் இந்த மரத்து இலையில இருந்து காய்ச்சி வந்தது. இது குளிர்ப் பிரதேச மரம். திருத்தணி வெயில்ல நட்டா நிக்காது. அப்போ நம்ம நிலத்துல நிக்கிறதைத் தைல மரம்னும் நீலகிரின்னும் சொல்றது, ஊட்டியில இருக்கிற பங்காளியோட பேரைச் சொல்லி இவனைக் கூப்பிடுற மாதிரி.

இன்னொரு வழி நந்தி மலை. பெங்களூருக்கு வடக்க இருக்கிற நந்தி மலையில திப்பு சுல்தான் 1790 வாக்குல ஆஸ்திரேலியாவுல இருந்து விதை வரவழைச்சு, சுமார் 16 இனம் நட்டதா வனத்துறைப் புத்தகங்கள்ல பரம்பரையாச் சொல்லி வர்றாங்க. வெள்ளைக்காரன் சிட்னியில குடியேறினதே 1788-லதான். ரெண்டு வருஷத்துல அங்க இருந்து விதை இங்க வந்திருக்குமான்னு யோசிக்க வேண்டிய விஷயம்தான். திப்புவோ, பின்னாடி வந்தவங்களோ, நந்தி மலையில பல இனம் பக்கத்துப் பக்கத்துல நட்டாங்க, மரம் பெருசாச்சுங்கிறது மட்டும் நிச்சயம்.

பக்கத்துப் பக்கத்துல நின்னா தேனீ சும்மா இருக்குமா? ஒரு இனத்து மகரந்தம் இன்னொண்ணுல போய்ச் சேரும். அப்படி வந்த விதையில முளைச்ச மரம் அப்பன் மாதிரியும் இல்லாம ஆத்தா மாதிரியும் இல்லாம இருந்துச்சு. அதைப் பார்த்துட்டு இது கலப்பு மரம்னு முடிவு பண்ணி, 'யூகலிப்டஸ் ஹைபிரிட்'னும் 'மைசூர் கம்'னும் பேர் வச்சாங்க. 1950-கள்ல மைசூர் வனத்துறை நந்தி அடிவாரத்து மரங்கள்ல இருந்து விதை எடுத்துப் பெரிய அளவுல நட ஆரம்பிச்சது. அங்க இருந்து விதை ஆந்திரா, தமிழ்நாடு, குஜராத், பஞ்சாப்னு நாடு பூரா போச்சு. போன இடமெல்லாம் 'ஹைபிரிட்'ங்கிற பேரும் கூடவே போச்சு.

1960-கள்ல லிண்ட்சே பிரையர் இந்தியா வந்து இந்தத் தோப்புகளைப் பார்த்தார். மொட்டு, காய், பட்டை எல்லாம் பார்த்துட்டு அவர் சொன்னது, இதுல பெரும்பாலானது சாதாரண டெரெட்டிகார்னிஸ். அங்கங்க கொஞ்சம் ரோபஸ்டா, கமால்டுலென்சிஸ்னு வேற ரத்தம் கலந்திருக்கு. ஆனா மொத்தமாப் பார்த்தா இது ஹைபிரிட் இல்லை, நந்தி மலையில கொஞ்சம் கெட்டுப்போன டெரெட்டிகார்னிஸ். அதுக்கப்புறம் ஆராய்ச்சிக் கட்டுரைகள்ல டெரெட்டிகார்னிஸ்னு எழுத ஆரம்பிச்சாங்க. நர்சரியில மட்டும் ஹைபிரிட் போகவே இல்லை.

ஒரு பேரால என்ன நஷ்டம்?

பேர்தானே, எப்படிக் கூப்பிட்டா என்னன்னு கேக்கலாம். அந்தக் காலத்துல ஹைபிரிட்ங்கிற சொல்லுக்கு விவசாயி காதுல என்ன அர்த்தம் இருந்துச்சுன்னு பாருங்க. 1964-ல சி.எஸ்.எச்.1 சோளம், 1965-ல எச்.பி.1 கம்பு, அப்புறம் ஹைபிரிட் பருத்தி. ஹைபிரிட்னா அதிக மகசூல், ஒரே சீரா வளரும், கம்பெனி விதை, விலை ஜாஸ்தி. அதே சொல் தைல மரக் கன்னு மேல ஒட்டினதும், இதுவும் அப்படித்தான்னு நம்பினாங்க.

உண்மையான ஹைபிரிட் எப்படி வரும்? நல்ல ரெண்டு வரிசையைத் தேர்ந்தெடுத்து, கட்டுப்பாட்டுல சேர்த்து, அந்த முதல் தலைமுறை விதையை மட்டும் விக்கணும். அந்தச் செடியில விளைஞ்ச விதையைத் திரும்ப விதைச்சா ஒண்ணு நெட்டை ஒண்ணு குட்டைன்னு பிரிஞ்சு போயிடும். ஹைபிரிட் கம்பைப் போட்டவங்க எல்லாருக்கும் இது தெரியும். தைல மரத்துல நடந்தது தலைகீழ். யாரும் தேர்ந்தெடுத்துச் சேர்க்கல. காத்துலயும் தேனீயிலயும் தானா விழுந்த விதை. அந்த மரத்து விதை, அதோட விதை, அதுக்கும் விதைன்னு தலைமுறை தலைமுறையா எடுத்தாங்க. எது நிறைய காய்க்குதோ, எது குட்டையா இருந்து கைக்கு எட்டுதோ, அந்த மரத்துல இருந்து விதை எடுக்கிறது மனுஷ சுபாவம். அதனால ஒரே தோப்புல ஒரு மரம் தொடை பருமன் இருக்கும், பக்கத்துல உள்ளது மணிக்கட்டு பருமன். எங்க பக்கம் பழைய தோப்புகள்ல இதை இன்னைக்கும் பார்க்கலாம். டன் கணக்குல விக்கிறவனுக்கு அந்த மணிக்கட்டு மரம் முழுக்க நஷ்டம்.

இன்னொரு நஷ்டம் கண்ணுக்குத் தெரியாதது. டெரெட்டிகார்னிஸ் அதோட சொந்த ஊர்ல பப்புவா நியூ கினியாவுல இருந்து ஆஸ்திரேலியாவோட தென்கோடி விக்டோரியா வரைக்கும் பரவியிருக்கு. நம்மூர்ல காஷ்மீர்ல இருந்து கன்னியாகுமரிக்குப் போற மாதிரி தூரம், அதுக்கும் மேலேயே. சூடான வடக்குப் பக்கத்து விதையும் குளிரான தெற்குப் பக்கத்து விதையும் பேர் ஒண்ணா இருந்தாலும் வளர்ற விதம் வேற. நந்தி மலை மரம் எந்த ஊர் விதைன்னே யாருக்கும் தெரியாது. ஹைபிரிட்னு பேர் வச்ச உடனே அந்தக் கேள்வியே எழல. இது எந்த இனம்னு முடிவானால்தானே, அந்த இனத்துல எந்த ஊர் விதை நமக்கு ஒத்து வரும்னு தேட முடியும்?

பின்னாடி அப்படித் தேடினப்போ பலன் கிடைச்சது. ஆஸ்திரேலியாவுல குயின்ஸ்லாந்து பக்கம் பெட்ஃபோர்டுன்னு ஒரு சின்ன ஊர். அந்த ஊர்க் கமால்டுலென்சிஸ் விதை தென்னிந்தியாவோட வறண்ட நிலத்துல நல்லா வந்துச்சு. கோயம்புத்தூர் வன மரபியல் மற்றும் மரப்பெருக்கு நிறுவனம் அந்த மாதிரி ஊர் விதைகளை வச்சு விதைத் தோட்டம் போட்டு, அப்புறம் தேர்ந்தெடுத்த ரகமும் வெளியிட்டாங்க. டேராடூன் வன ஆராய்ச்சி நிறுவனத்துல டெரெட்டிகார்னிசையும் கமால்டுலென்சிசையும் கையால சேர்த்து நிஜமான ஹைபிரிட்டே உண்டாக்கினாங்க. பேரை மட்டும் வாங்கிக்கிட்ட மரம் ஊர் பூரா நிக்க, நிஜ ஹைபிரிட் பல பேருக்குத் தெரியாமலே இருந்துச்சு.

பேர் போய் நம்பர் வந்தது

இப்போ எங்க பக்கம் மரம் வாங்க வர்ற வியாபாரி முதல்ல கேக்கிற கேள்வி, "ஏண்ணே, இது நம்பர் மரமா, விதை மரமா?"

நம்பர் மரம்னா குளோன். ஆந்திரா வழியாத்தான் இது எங்களுக்கு வந்துச்சு. பத்ராசலம் காகித ஆலைக்காக ஐ.டி.சி. 1989-ல இந்த வேலையை ஆரம்பிச்சது. தோப்புல இருக்கிறதிலேயே நேரா, பருமனா, நோய் இல்லாம நிக்கிற ஒரு மரத்தைத் தேர்ந்தெடுப்பாங்க. அதை வெட்டினா கட்டையில இருந்து மறுதாம்பு துளிர்க்கும். அந்தத் துளிரை வெட்டி வேர் விட வச்சுக் கன்னு ஆக்குவாங்க. கரும்புக் கரணை நடுற மாதிரிதான். விதையே இல்லாததால தாய் மரம் எப்படியோ கன்னும் அச்சு அசலா அப்படியே. விதைத் தோப்புல எக்டேருக்கு வருஷம் 6-ல இருந்து 10 கனமீட்டர் வந்த இடத்துல, நல்ல குளோன் தோப்புல 20-ல இருந்து 25 வரைக்கும் கிடைச்சதா அவங்க எழுதியிருக்காங்க.

அந்தத் தாய் மரங்களுக்கு லத்தீன் பேர் வைக்கல, நம்பர்தான். 413, 526ன்னு விவசாயிங்க வாயில சர்வசாதாரணமா வரும். ஒரு வகையில பார்த்தா பேர் வைக்கிற வேலை இதுலதான் ரொம்பத் துல்லியமா ஆச்சு. டெரெட்டிகார்னிஸ்ங்கிற பேர் லட்சக்கணக்கான வெவ்வேற மரத்தைக் குறிக்கும். 413-ன்னா ஒரே ஒரு மரம், அதோட உடம்பே பல நிலத்துல நிக்குது.

இதுல ஆபத்தும் இருக்கு. 2000-க்குப் பிறகு தென்னிந்தியாவுல தைல மரக் கன்னுகள்ல இலைக் காம்புலயும் நரம்புலயும் முண்டு முண்டா வீங்க ஆரம்பிச்சது. கண்ணுக்குச் சரியாத் தெரியாத ஒரு சின்னக் குளவி முட்டை வச்சதால வந்த வீக்கம். இஸ்ரேல் பக்கம் 2000 வாக்குல இது பரவினப்போ அந்தக் குளவிக்கு விஞ்ஞானத்துல பேரே கிடையாது. 2004-லதான் லெப்டோசைபி இன்வேசான்னு பேர் வச்சு, இது ஆஸ்திரேலியாவுல இருந்து வந்ததுன்னு எழுதினாங்க. பூர்வீகம் தெரிஞ்ச பிறகுதான், அதைத் தின்னுற எதிரிப் பூச்சி எங்க கிடைக்கும்னு தேடப் போக முடிஞ்சது. இந்தக் குளவி எல்லாக் குளோனையும் ஒரே மாதிரி தாக்கல. சில நம்பர் சுருண்டு போச்சு, சில நம்பர் தாங்கி நின்னுச்சு. எல்லாரும் ஒரே நம்பரை நட்டிருந்தா என்ன ஆகும்னு யோசிச்சுக்குங்க.

தண்ணிச் சண்டையிலும் பேர் வேணும்

தைல மரம் தண்ணியை உறிஞ்சிடும்னு பேச்சு வந்தா எங்க ஊர் டீக்கடையில சண்டையே வந்துடும். 1983-ல கர்நாடகா தும்கூர் மாவட்டத்துல விவசாயிங்க வனத்துறை நாத்தாங்காலுக்குள்ள போய்த் தைல மரக் கன்னுகளைப் பிடுங்கிப் போட்டாங்க. 2017-ல கர்நாடக அரசு புதுசா நடக் கூடாதுன்னு உத்தரவே போட்டுச்சு.

இதுல பேசுறவங்க பெரும்பாலும் எந்த மரம், எந்த மண்ணுன்னு சொல்றதில்லை. நீலகிரியில கிளென்மார்கன்ல அளந்தது குளோபுலஸ். புல்வெளியில அதை நட்டதும் முதல் பத்து வருஷத்துல ஓடையில வர்ற தண்ணி சுமார் 16 சதவீதம் குறைஞ்சது. பெங்களூர் பக்கத்துல ஹொசகோட்டேயில டெரெட்டிகார்னிசையும் கமால்டுலென்சிசையும் வச்சு, கர்நாடக வனத்துறையும் இங்கிலாந்து நீரியல் நிறுவனமும் சேர்ந்து அளந்தாங்க. ஆழமான மண்ணுல வேர் வருஷத்துக்கு ரெண்டரை மீட்டர் வரைக்கும் கீழே இறங்கி, பெய்ஞ்ச மழையை விட அதிகத் தண்ணி எடுத்துச்சு. ஆழம் குறைஞ்ச மண்ணுல அந்த ஊர்க் காட்டு மரம் எடுக்கிற அளவுதான் எடுத்துச்சு. ஆனா கேழ்வரகு எடுக்கிறதைப் போல ரெண்டு மடங்கு. ஹொசகோட்டே எங்களுக்கு ரொம்பத் தூரம் இல்லை, மரமும் அதே மரம். அப்போ எங்க டீக்கடைச் சண்டைக்கு ஊட்டிக் கணக்கைக் கொண்டு வர்றதை விட ஹொசகோட்டே கணக்குதான் பொருந்தும். ஆழமான மண்ணு இருக்கிறவங்க, கிணத்தை நம்பிப் பயிர் வைக்கிறவங்க, பக்கத்து நிலத்துக்காரனையும் நினைச்சுப் பார்த்துட்டு நடணும்.

ஜாமாயில்ங்கிற பேரை மட்டும் கடைசியா வச்சிருந்தேன். 1960 ஏப்ரல் வரைக்கும் எங்க திருத்தணி ஆந்திராவுல இருந்துச்சு, அதனால ரெண்டு மொழியும் எங்களுக்கு ஒண்ணுதான். தெலுங்குல ஜாமன்னா கொய்யா. ஜாமாயில்னா எங்க காதுக்குக் கொய்யா எண்ணெய் மரம்னுதான் கேக்குது. விஞ்ஞானமும் தைல மரத்தைக் கொய்யா, நாவல், கிராம்பு எல்லாம் இருக்கிற மிர்டேசி குடும்பத்துலதான் வச்சிருக்கு. கொய்யா இலையைக் கசக்கி மோந்து பாருங்க, கொஞ்சம் ஒத்துப் போகும். லென்ஸ் இல்லாம, காஞ்ச கிளை இல்லாம, எங்க ஊர்ப் பேச்சு அந்தக் குடும்பம் வரைக்கும் சரியாப் போயிருக்கு.

கன்னு வாங்கப் போறவங்களுக்கு நான் சொல்றது இவ்வளவுதான். நர்சரியில ஹைபிரிட்னு சொன்னா அதோட நிறுத்தாதீங்க. எந்த இனம், விதைக் கன்னா குளோனா, குளோன்னா எந்த நம்பர்னு கேளுங்க. அந்த நம்பரை பில்லுல எழுதித் தரச் சொல்லுங்க. ஒரே நம்பரை நிலம் முழுக்க நடாம ரெண்டு மூணு நம்பரைத் தனித்தனி பாத்தியா நடுங்க, எந்தப் பாத்தியில எதுன்னு நோட்டுல குறிச்சு வையுங்க. நாலஞ்சு வருஷம் கழிச்சு வெட்டும்போது எது எடை வந்துச்சு, எதுல வீக்கம் வந்துச்சுன்னு உங்க நிலமே சொல்லும். அடுத்த தடவை எதை நடணும்னு அப்போ நர்சரிக்காரரைக் கேக்க வேண்டியதில்லை.